பெயருக்குப் பின்னால் ஒரு 'ஸான்'

தளவாய்புரம் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'தளவாய்' என்று சொல்லும்போதே சற்று நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நாயக்கர் காலத்தில் படைக்குத் தலைமை தாங்கியவருக்குத் தளவாய் என்று பட்டம். மதுரையில் விசுவநாத நாயக்கருக்கு வலக்கை போல இருந்த அரியநாத முதலியாரை, இன்றைக்கும் முன்னால் 'தளவாய்' சேர்க்காமல் சொல்ல யாருக்கும் மனம் வராது. அப்படிப்பட்ட பட்டத்தைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டிருக்கும் ஊர், இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. படை, பட்டாளம் ஒன்றும் இப்போது அங்கே இல்லை. தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம்தான். நைட்டிகளும் உள்பாவாடைகளும் அங்கே தைக்கப்பட்டு, மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகின்றன.

அந்த ஊரில்தான் என் அக்காளைக் கொடுத்திருக்கிறது. அத்தான் தையல்காரர். முப்பது வருஷமாகப் பவர் மிஷினில் உட்கார்ந்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அவருடைய ஒரே பெண் படித்துப் பட்டம் வாங்கி, சென்னைக்குப் பக்கத்தில் ஜப்பான்காரர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறாள். உண்மைப் பெயரைப் போட்டால் அக்காள் என்னோடு சண்டைக்கு வருவாள். ஆகையால் பெண்ணின் பெயர் மல்லிகா, தகப்பனார் பெயர் கருப்பையா என்று வைத்துக்கொள்வோம்.

பொங்கலுக்கு நான் போயிருந்தபோது மல்லிகாவும் வந்திருந்தாள். கரும்பு தின்கிற முகமாக அது இல்லை.

"என்ன தாயி, ஆபீஸிலே யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை மாமா. சொல்லியிருந்தாத் தேவலை. மரியாதையா எழுதறதா நினைச்சு, மரியாதை இல்லாம எழுதிட்டேன். அதுவும் ஒரு தடவை இல்லை, மூணு மாசமா!"

ஓஸாகா நகரத்தில் இருக்கிற ஆபீஸுக்கு வாரந்தோறும் மின்னஞ்சல் எழுதுவது அவள் வேலை. எழுதுவதெல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் பெயர்கள் மட்டும் ஜப்பானிய முறைப்படி 'ஸான்' என்ற வாலோடு வரும். அந்த வாலில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் தப்பு

நம்முடைய 'அவர்கள்' மாதிரிதான் ஜப்பானியர்களுடைய 'ஸான்'. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். தனகா என்பவர் 'தனகா-ஸான்'. ஆணா, பெண்ணா, கலியாணம் ஆனவரா, ஆகாதவரா என்ற விசாரணையே இல்லை. இதில் ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. 'ஹிரோமி', 'கவோரு' போன்ற பெயர்கள் ஜப்பானில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. முகம் தெரியாத ஒருவருக்கு எழுதும்போது 'மிஸ்டர்' போடுவதா, 'மிஸ்' போடுவதா என்று தலையைச் சொறிய வேண்டாம். 'ஸான்' போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஓஸாகாவிலிருந்து மல்லிகாவுக்கு வரும் கடிதங்களிலும் அவள் பெயருக்குப் பின்னால் 'ஸான்' இருந்தது. சரி, இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று அவளும் கடிதத்தின் அடியில் தன் பெயரை எழுதி, அதற்கும் ஒரு 'ஸான்' போட்டுவிட்டாள். மூன்று மாதமாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

நம் ஊரில் ஒருவர் கடிதம் எழுதிவிட்டு, அடியில் 'இப்படிக்கு, உயர்திரு இன்னார் அவர்கள்' என்று தாமே கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும். 'ஸான்' என்பது பிறர் நமக்குச் சூட்டுகிற மாலை. தன் கழுத்தில் தானே போட்டுக்கொள்வதற்கில்லை.

இரண்டாவது தப்பு

இது கொஞ்சம் சூட்சுமமானது. நம்மவர்கள் அநேகமாக எல்லோருமே இதில் வழுக்கி விழுவார்கள்.

மல்லிகாவின் மானேஜர் ஐம்பது வயதுக்காரர். ஆபீஸுக்குள் அவரை அவள் 'ஸான்' போட்டுத்தான் அழைக்கிறாள். அது சரி. சாமான் வாங்குகிற வேறொரு ஜப்பானியக் கம்பெனிக்கு எழுதும்போதும், 'எங்கள் மானேஜர் இன்னார்-ஸான் அடுத்த வாரம் தங்களைச் சந்திப்பார்' என்று எழுதினாள். பெரியவருக்கு மரியாதை கொடுத்ததில் என்ன பிழை?

பிழைதான் என்கிறது ஜப்பானிய வழக்கம். அவர்களுக்கு உலகம் இரண்டு பாகம். ஒன்று 'உச்சி', அதாவது உள். மற்றொன்று 'ஸோட்டோ', அதாவது வெளி. வெளியாரிடம் பேசும்போது நம் பக்கத்து மனிதர்கள் எல்லோரும், முதலாளி உட்பட, நம்மைச் சேர்ந்தவர்கள். அவர்களை உயர்த்திப் பேசுவது நம்மை நாமே உயர்த்திக்கொள்வதற்குச் சமானம். ஆகையால் வெளியாருக்கு எழுதும்போது முதலாளியின் பெயர் வாலில்லாமல் மொட்டையாக நிற்கும். அதே முதலாளியிடம் நேரில் பேசும்போது மரியாதை எல்லாம் திரும்ப வந்துவிடும்.

வீட்டிலும் இப்படியே. அடுத்தவருடைய தகப்பனாரைக் குறிப்பிடும்போது 'ஓட்டோஸான்' என்று 'ஸான்' சேர்த்துச் சொல்வார்கள். தம் தகப்பனாரைப் பற்றி வெளியாரிடம் சொல்லும்போது வெறும் 'ச்சிச்சி'தான். நம்மால் இது முடியுமா? 'எங்க அப்பா வந்தார்' என்பதை 'வந்தான்' என்று சொல்லிவிட்டு எந்தப் பிள்ளையாவது வீட்டுக்குள் நுழைய முடியுமா? நமக்குத் தகப்பனார் எங்கேயும் தகப்பனார்தான். வீட்டிலும் 'ஆர்', வீதியிலும் 'ஆர்'. நம் மரியாதை ஆளோடு போகிறது. அவர்கள் மரியாதை, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்து இடம் மாறுகிறது. இந்த ஒரு சங்கதி புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானே வந்துவிடும்.

இங்கிலீஷில் எழுதும்போது இதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜப்பானிய மொழியில் எழுதினால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது தப்பு

முன்னால் 'திரு', பின்னால் 'அவர்கள்' என்று இரண்டு பக்கமும் மாலை போடுவது நம் வழக்கம். அந்தப் பழக்கத்தில் மல்லிகா 'மிஸ்டர் தனகா-ஸான்' என்று எழுதினாள். ஒன்று போதும். முன்னால் மிஸ்டர் போட்டால் பின்னால் ஸான் வேண்டாம். பின்னால் ஸான் போட்டால் முன்னால் மிஸ்டர் வேண்டாம்.

பதவிப் பெயரிலும் இதே கதை. 'ஷாச்சோ' என்றால் கம்பெனித் தலைவர். 'பூச்சோ' என்றால் இலாகாத் தலைவர். 'காச்சோ' என்றால் அதற்குக் கீழே ஒரு பிரிவின் தலைவர். இந்தப் பதவிப் பெயரே மரியாதைச் சொல்தான். 'தனகா-பூச்சோ' என்றாலே போதும். அரியநாதருக்குத் தளவாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் இன்னொரு மரியாதையை ஏற்றினால், பொங்கல் பானைக்குள் மறுபடியும் ஒரு பானையை வைத்த மாதிரி இருக்கும்.

வால்களில் பல வகை

"ஸான் ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். மல்லிகா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

கடிதத்தின் விலாசத்திலும், வாடிக்கைக்காரர்களுக்கு எழுதும்போதும் 'ஸாமா'. இது 'ஸான்'னுக்கு மேல் படி. பக்கத்து மேஜைக்காரருக்கு 'ஸாமா' போட்டால், கூட வேலை பார்க்கிறவரை 'தேவரீர்' என்று அழைத்தது போல் ஆகிவிடும். ஆளின் பெயர் இல்லாமல் கம்பெனிக்கோ, இலாகாவுக்கோ எழுதினால் 'ஓன்ச்சூ'. சான்றிதழ்களிலும் சில உத்தியோகக் காகிதங்களிலும் 'டோனோ' என்று ஒன்று வரும். அதை மேலிடம் கீழே உள்ளவர்களுக்குப் போடுவது வழக்கம். ஆகையால் பெரியவர்களுக்கு நாம் போடக் கூடாது.

ஆசிரியர், டாக்டர், வக்கீல், எழுத்தாளர், சட்டசபை அங்கத்தினர் ஆகியோருக்கு 'ஸென்ஸேய்'. நம் ஊரில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கட்டிங் மாஸ்டர் என்று எல்லோருக்கும் 'மாஸ்டர்' பட்டம் தாராளமாகக் கிடைக்கிறதே, அங்கே அவ்வளவு தாராளம் இல்லை.

'குன்' என்பது இளையவர்களுக்கு, பெரும்பாலும் பையன்களுக்கு. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியப் பாராளுமன்றத்தில் சபாநாயகர் அங்கத்தினர்களைப் பெயரோடு 'குன்' சேர்த்து அழைப்பது நெடுநாளைய சம்பிரதாயம். 1993-ல் கீழ்ச்சபைக்கு முதல் பெண் சபாநாயகராக வந்த டகாகோ டோய் அம்மையார் அதை விட்டுவிட்டு, எல்லோரையும் 'ஸான்' என்றே அழைத்தார்.

கடைசியாக, குழந்தைகளுக்கும் செல்லப் பிள்ளைகளுக்கும் 'ச்சான்'. "மச்சான்ல வர்ற ச்சான் மாதிரியே இருக்கு மாமா. ஆனா ஆபீஸ் கடுதாசியில மச்சானுக்கும் இடம் இல்லை, ச்சானுக்கும் இடம் இல்லை!" என்றாள் மல்லிகா.

'நீங்கள்' என்பதற்கு 'அனாட்டா' என்று அகராதியில் போட்டிருக்கிறது. அதை நம்பி மேலதிகாரிக்கு எழுதிவிடாதீர்கள். பெரியவர்களை 'அனாட்டா' என்பதில்லை. 'தனகா-ஸான் எப்போது வருவார்?' என்று அவரையே கேட்பார்கள். நாமும் 'ஐயா எப்போ வருவீங்க?' என்று கேட்கிறோம் அல்லவா? ஆனால் ஜப்பானில் மனைவிமார் கணவனை 'அனாட்டா' என்று அழைப்பதுண்டு. நம் வீட்டு 'என்னங்க'வேதான் அது. மானேஜருக்கு 'என்னங்க' என்று கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தன்னைத் தாழ்த்துதல்

எதிராளியை உயர்த்துவது பாதி மரியாதைதான். தன்னைத் தாழ்த்திக்கொள்வது மீதிப் பாதி. எதிராளியின் கம்பெனியை எழுத்தில் 'கிஷா' என்பார்கள். 'உன்னதமான கம்பெனி' என்று அர்த்தம். தம் கம்பெனியை 'ஹேய்ஷா' என்பார்கள். அந்த எழுத்துக்குக் கிழிந்தது, நைந்தது என்று பொருள். 'எங்கள் குடிசைக்கு வந்து கூழ் குடித்துப் போங்கள்' என்று மாடிவீட்டுக்காரர் சொல்வதில்லையா? அதே சுபாவம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பதில் கார்டு விஷயம். கலியாணத்துக்கோ கூட்டத்துக்கோ அழைப்பு அனுப்பும்போது, பதில் எழுத ஒரு கார்டையும் சேர்த்து அனுப்புவார்கள். அதில் அனுப்பியவருடைய விலாசம் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். தம் பெயருக்குத் தாமே 'ஸாமா' போட்டுக்கொள்ள முடியாதே! ஆகையால் 'யுகி' என்று ஒரு சாதாரணச் சொல்லைப் போட்டிருப்பார்கள். 'இன்னாருக்குப் போவது' என்று மட்டும் அர்த்தம். பதில் எழுதுகிறவர் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? அந்த 'யுகி'யைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தம் கையால் 'ஸாமா' என்று எழுத வேண்டும். உள்ளே 'தங்கள் வருகை', 'தங்கள் விலாசம்' என்று அச்சிட்ட இடங்களில், தம்மைக் குறிக்கும் அந்த மரியாதை எழுத்தையும் அடித்துவிட வேண்டும்.

ஒரு சின்னக் கார்டில் எத்தனை உபசாரம் பாருங்கள்! அனுப்பியவர் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார். பெற்றவர் அதை அடித்துவிட்டு அவரை உயர்த்துகிறார். தமக்கு அவர் கொடுத்த மரியாதையையும், 'வேண்டாம் ஐயா' என்று அடித்துவிடுகிறார்.

நமக்குப் புதிதா?

இதெல்லாம் ஜப்பான்காரர்களுடைய வீண் சம்பிரமம் என்று யாராவது சிரித்தால், தாத்தாவின் பழைய பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்காத கடிதம் ஒன்றாவது அகப்படுமா? அதையே 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று சுருக்கிச் சாதாரணக் குமாஸ்தாவுக்கும் போட்டார்கள். பிள்ளைக்கு 'சிரஞ்சீவி', பெண்ணுக்கு 'சௌபாக்கியவதி', எழுதுகிறவர் 'அடியேன்'. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று சொல்லாமல் யாரும் காரியத்துக்கு வந்ததில்லை. ஜப்பானியரும் முறையான கடிதத்தில் 'ஹைக்கேய்' என்று வணங்கித் தொடங்கி, பருவகாலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, நலம் விசாரித்து, பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். 'கேய்கு' என்று வணங்கி முடிப்பார்கள்.

ஒருவரைப் பலராக்கி 'அவர்' என்பது உலக வழக்கில் வந்த உயர்வுச் சொல் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. பெயருக்குப் பின்னால் மரியாதையைச் சேர்ப்பதும், வாக்கியத்தின் கடைசியில் வினையை வைப்பதும் இரண்டு மொழிக்கும் பொது. சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்றே வாதித்தார். மொழி அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, குணம் ஒத்துப்போகிறது.

ஆனால் மரியாதைச் சொல்லுக்கு மறு பக்கமும் உண்டு. யாருக்கு 'நீங்கள்', யாருக்கு 'நீர்', யாருக்கு 'ஏலே' என்பதை, ஆளின் வயதைப் பாராமல் பணத்தையும் பிறப்பையும் பார்த்துத் தீர்மானித்த காலம் நம் ஊர்களில் இருந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொல்வதற்கும் இல்லை. ஜப்பானிலும் மேல், கீழ் என்ற படிகளை வைத்தே மரியாதைச் சொற்கள் வளர்ந்தன. யுத்தத்துக்குப் பிறகு அவர்கள் இதைப் பற்றி யோசித்தார்கள். 1952-ல் அந்நாட்டின் தேசிய மொழிக் கவுன்சில், இனிமேல் மரியாதைச் சொற்கள் எப்படி இருக்க வேண்டும் என்று கல்வி மந்திரிக்கு ஒரு யோசனை அனுப்பியது. இதுவரை மேல் கீழ் என்பதை வைத்து வளர்ந்தது, இனி ஒருவரை ஒருவர் மதிப்பதை வைத்து நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பொதுவான மரியாதைக்கு எல்லோருக்கும் 'ஸான்' என்றும் அது சொல்லிற்று. இன்றைக்குப் பல கம்பெனிகளில் தலைவரையும் பதவி சொல்லாமல் 'ஸான்' என்றே அழைக்கச் சொல்கிறார்கள்.

எழுதப் போகிறவர்களுக்கு

உங்கள் வீட்டிலும் ஜப்பானுக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகள் இருக்கக் கூடும். மல்லிகாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து சில குறிப்புகள்:

1. குடும்பப் பெயரோடு 'ஸான்' சேர்க்கவும். அவர்களாகச் சொன்னாலொழிய, பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாம்.

2. அவர்கள் வழக்கில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். இங்கிலீஷில் எழுதும்போது சிலர் மாற்றி எழுதுவார்கள். 2020 ஜனவரி முதல் ஜப்பான் அரசாங்கத்தின் காகிதங்களில் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரையே முதலில் போடுகிறார்கள். எது குடும்பப் பெயர் என்று சந்தேகம் வந்தால், பணிவாகக் கேட்டுவிடுவது உத்தமம்.

3. தன் பெயருக்கு எந்த வாலும் கிடையாது. வெளியாருக்கு எழுதும்போது தன் மேலதிகாரிக்கும் கிடையாது.

4. பலருக்குச் சேர்த்து எழுதும்போது, பெரிய பதவியில் இருப்பவரின் பெயர் முதலில் வரட்டும்.

5. 'சிரமப்பட்டு வேலை செய்தீர்கள்' என்று பாராட்டும் 'கொகுரோஸாமா' என்ற சொல், மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் சொல்வது. பெரியவர்களுக்கு 'ஒட்ஸுகரேஸாமா'.

6. அவர்கள் தவறைச் சுட்டிக் காட்டாமல் இருந்தால், தவறே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

மல்லிகாவுக்கும் யாரும் சுட்டிக் காட்டவில்லை. ஆபீஸில் இருந்த ஒரு ஜப்பானிய அம்மாள், மூன்று மாதம் கழித்துத் தனியாக அழைத்து, டீ கொடுத்து, தாம் முதன் முதலில் இந்தியாவுக்கு வந்தபோது செய்த தவறுகளை எல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, கடைசியில் இதைச் சொன்னாராம். அதுதான் மல்லிகாவை இன்னும் வாட்டியது.

கருப்பையா-ஸான்

"இன்னொரு கூத்தும் இருக்கு மாமா" என்றாள்.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான் நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கண்டதும், பலரும் தகப்பனார் பெயரை முழுசாக எழுதிவிடுகிறோம். மல்லிகாவும் அப்படித்தான் எழுதியிருந்தாள். கம்பெனிக் காகிதத்திலும் அதுவே ஏறிவிட்டது. ஆகையால் ஓஸாகாவிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதமும் 'கருப்பையா-ஸான்' என்றே தொடங்குகிறது.

"முதல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. என் பேரு மல்லிகான்னு எழுதிடலாம்னு பார்த்தேன். அப்புறம் மனசு வரலை" என்று சொல்லி, அச்செடுத்துக் கொண்டு வந்த ஒரு கடிதத்தை அத்தான் கையில் கொடுத்தாள்.

அத்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார். தம் பெயர் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த மூன்று எழுத்துத் தெரியவில்லை. மல்லிகா விளக்கினாள்.

அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்குக் கூலி கொடுக்கிற பையனுக்கு முப்பது கூட ஆகியிருக்காது. அவன் இன்று வரைக்கும் "ஏ கருப்பையா, ஓவர்லாக் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பான். அத்தான் அதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவனுடைய தகப்பனும் அப்படித்தான் கூப்பிட்டாராம்.

"அந்த நாட்டில எல்லாருக்குமா இதைப் போடுவாங்க?" என்று கேட்டார்.

"எல்லாருக்குந்தான்ப்பா. தனக்குத் தானே மட்டும் போட்டுக்க மாட்டாங்க."

"தையல்காரனுக்கும்?"

"தையல்காரருக்கும்."

அத்தான் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலையில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. கிளாஸ் கழுவுகிற பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். வழக்கமாக அவனை "ஏலே, ரெண்டு டீ!" என்று கூப்பிடுகிறவர் அத்தான். அன்றைக்கு வாயைத் திறந்தவர், சற்று நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி-ஸான், ரெண்டு டீ. ஒண்ணுக்குச் சீனி கம்மியா!"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டீயை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தான்.